வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற முன்னாள் மாணவர்களின் நன்கொடை: யாராவது எஃப்சி-3பி (முன் அனுமதி விண்ணப்பம்) போட்டிருக்கிறீர்களா?

மதுரையில் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவாகி 4 ஆண்டு ஆகிறது. 12ஏ, 80ஜி (வருமான வரிச் சலுகைப் பதிவுகள்) உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு விடுதிக் கட்டணம் கட்டுவதுதான் முக்கிய வேலை.

சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய 14 பேர் தலா ₹80,000 தரத் தயார். மொத்தம் ₹11.2 லட்சம். வாங்கத்தான் வழியில்லை.

பார்த்தவை:

எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவு, படிவம் எஃப்சி-3ஏ: கடந்த 3 நிதியாண்டில் ₹15 லட்சம் செலவு காட்ட வேண்டும். எங்களுடையது ₹9 லட்சம்தான்.

கல்லூரியின் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கு வழியாக: சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றக் கூடாது.

என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கு) ரூபாயில்: ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கானது) இருந்தாலும் கொடுப்பவர் வெளிநாட்டுக் குடிமகன், அதனால் அதுவும் வெளிநாட்டுப் பங்களிப்புதான். (இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து தருவதில் இந்தச் சிக்கல் இல்லை. பல சங்கங்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன.)

உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்கிச் சங்கத்துக்கு மாற்றலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஆடிட்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார், சரிதான்.

மிச்சம் இருப்பது முன் அனுமதி, எஃப்சி-3பி. அதில் தொகையும் நோக்கமும் குறித்த உறுதிக் கடிதம் நன்கொடையாளரிடமிருந்து வேண்டும். டெல்லி எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும்.

14 நன்கொடையாளர்களையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்து அனுமதி வாங்கிய சங்கம் எதுவும் உண்டா, அல்லது ஆளுக்கொரு விண்ணப்பம்தானா?