செங்குழியத்தை உடைச்சும் மஞ்சள் வருகுதில்லை, எங்கை பிழை?

கொக்குவில்காரி:
வணக்கம். செய்திட்டத்துக்குச் செங்குழியத்திலை இருக்கிற அசற்றைல்கோலின் எஸ்தரேஸ் எண்ட நொதியத்தை எல்மன் முறையிலை அளக்கிறன், நொதியம் வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும். அப்பா வெங்காயத்துக்குப் பூச்சிமருந்தடிக்கிறவர், சில மருந்து இந்த நொதியத்தை முடக்கிப்போடும், அதாலைதான் இந்தத் தலைப்பு. இப்ப என்ரை இரத்தத்திலை பழகுறன். செங்குழியத்தை உப்புக்கரைசலிலை மூண்டு தரம் கழுவி, ஐதான தாங்கற்கரைசலிலை உடைச்சு, மையநீக்கியிலை 20,000 ஜி விசையிலை சுத்தி, மேலை நிண்ட சிவப்புத் தண்ணியை எடுத்தன். மஞ்சளை அளக்கிற 412 நானோமீற்றரிலை வாசிப்பு தொடக்கத்திலேயே எக்கச்சக்கம், பிறகு ஏறவே இல்லை. திரவவிழையம் (இரத்தத்திலை கலமில்லாத தண்ணிப்பகுதி) மட்டும் வடிவா மஞ்சளாகுது. சோதனைப்பொருள் பழுதோ?

கரவெட்டியான்:
திரவவிழையம் மஞ்சளாகுதெண்டால் பொருள் நல்லாத்தான் கிடக்கு. அடியிலை கிடந்ததை என்ன செய்தனீர்?

கொக்குவில்காரி:
கழுவி ஊத்திட்டன். வெறும் கோதுதானே அண்ணை?

கரவெட்டியான்:
ஐயோ தங்கச்சி, நொதியம் அந்தக் கோதிலைதான்! காபனிக் அன்ஐதரேஸ் மாதிரி குழியவுருவுக்கை மிதக்கிற சாமான் இல்லை இது. மென்சவ்வின்ரை வெளிப்பக்கம் ஒரு கொழுப்பு நங்கூரத்திலை தொங்கிக்கொண்டு நிக்குது. இரத்த வங்கிக்காரர் கார்ட்ரைட் எண்டு ஒரு குருதிக்கூட்டம் சொல்லுவினம், அந்த அடையாளம் இருக்கிறதே இந்த நொதியத்திலைதான். 412 இலை ஈமோகுளோபினும் ஒளியை உறிஞ்சும், உம்மடை தொடக்க வாசிப்பு அதுதான். திரவவிழையத்து மஞ்சள் பெரும்பாலும் ஈரல் செய்து விடுற பியூட்டிரைல்கோலின் எஸ்தரேசின்ரை வேலை.

அடுத்த முறை அடியை வடிவாப் பாரும். தளதளவெண்டு வெளிறின படை ஒண்டு கிடக்கும், அதுதான் வேணும். அதுக்குக் கீழை இறுகின சின்னப் பொட்டு இருந்தால் விட்டிடும்.

மானிப்பாய் அக்கா:
எதுக்குப் பிள்ளை உடைக்கிறீர்? கழுவின முழுக் கலத்தையே சமசெறிவான கரைசலிலை விட்டு அடிமூலக்கூறை, அதுதான் நொதியம் வெட்டுற பொருளை, போடும். வெளியிலை நிக்கிற நொதியம் வெளியிலேயே வெட்டும். பிறகு கலத்தைச் சுத்தி இறக்கிப்போட்டு மேல்தண்ணியை வாசியும். அடிமூலக்கூறு போடாத குழாயும் ஒண்டு வேணும், மறந்திடாதையும்.

கொக்குவில்காரி:
தசையிலையும் இப்பிடித்தான் தொங்குமோ?

கரவெட்டியான்:
பரம்பரையலகு ஒண்டு, கட்டுறது வேறை. நரம்பு தசைச் சந்தியிலை கொலாஜன் வால் வைச்சுக் கலத்துக்கு வெளியிலை அடிமென்படையிலை பிடிச்சுக் கிடக்கும். கலத்துக்குள்ளை, புரதம் செய்து அனுப்புற அகமுதலுருச் சிறுவலை, கொல்கி எண்ட புன்னங்கங்கள் வழியாலை வந்து போறதுதான்.

இன்னொண்டு. செங்குழியத்துக்குக் கரு இல்லை, புது நொதியம் செய்யாது. மருந்து இறுக்கிப் பிடிச்ச நொதியம் போனது போனதுதான், புதுக் கலம் வரவேணும், ஆயுள் 120 நாள். ஆளுக்காள் அளவும் வேறை. அதாலை மருந்தடிக்கத் தொடங்க முதலே அப்பாட்டை ஒருக்கா எடுத்து வையும்.

கொக்குவில்காரி:
அக்கா சொன்னமாதிரிச் செய்தன், பத்து நிமிசத்திலை மஞ்சள்! அப்பாதான் ஊசியெண்டவுடனை தோட்டத்துப் பக்கம் போட்டார்.