மல்லிகை வாசம் சாயங்காலத்துக்குள் வெனிலாவாக மாறுவது ஏன்?

கேள்வி: புது பெர்ஃப்யூம், அடித்ததும் எலுமிச்சை மாதிரி சுள்ளென்று இருக்கிறது, அரை மணி நேரத்தில் மல்லிகை, சாயங்காலம் பார்த்தால் வெறும் வெனிலா இனிப்பு. காகிதத்தில் அடித்தபோது மல்லிகை ரொம்ப நேரம் நின்றதே! பாட்டில் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. எலுமிச்சை வாசத்துக்கான லிமோனீன் சட்டென்று ஆவியாகிவிடும், மல்லிகையின் பென்சைல் அசிடேட்டும் ரொம்ப நேரம் தாங்காது, வெனிலின்தான் லேசில் ஆவியாகாமல் மணிக்கணக்கில் தோலிலேயே கிடக்கும். உடம்புச் சூடு இதை வேகப்படுத்தும், காகிதத்துக்கு ஏது சூடு?

பதில்: வறண்ட தோலா? வாசனையில்லாத கிரீம் தடவி அதன்மேல் அடித்துப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது.

பதில்: மூக்கும் பழகிவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், அவருக்கு இன்னும் மல்லிகை அடிக்கலாம்.

கேள்வி கேட்டவர்: கேட்டேன், அடிக்கிறதாம்! சரி, நாளைக்கு கிரீம்.