பாஷை எடுபடாத ஊர்ல மொத நாள்: சைகோன்

கூடலூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க துபாய், சிங்கப்பூர் அனுபவமெல்லாம் நெறைய பேர் எழுதிட்டாங்க, அங்கெல்லாம் எறங்குன ஒடனே தமிழ்லயோ மலையாளத்துலயோ பேச யாராச்சும் ஒருத்தர் கெடைச்சிருவாங்க. நான் சொல்லப்போறது நம்ம வாயில இருக்குற ஒரு சொல்லு கூட செல்லாத ஊரு. வியட்நாம்ல சைகோன். மேப்புல ஹோ சி மின் சிட்டின்னு இருக்கும், 1976ல மாத்துன பேரு அது, ஊர்க்காரங்க பேச்சுல இன்னைக்கும் சைகோன்தான்.

வியட்நாம்ங்கிற பேரை நான் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே கேட்டவன். எங்களுக்கு தேனி மாவட்டம் கூடலூர், மேல ஏறுனா கேரள எல்லையில குமுளி. அப்பாவுக்கு ஆனக்கரை பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம், ஊடால மரத்துக்கு மரம் மொளகுக் கொடி ஏத்தி விட்டிருக்கோம். மொளகு வெல விழும்போதெல்லாம் குமுளி மலஞ்சரக்குக் கடையில ஒரே பேச்சுதான், "வியட்நாம் சரக்கு எறங்கிருச்சு". உலகத்துலயே அதிகமா மொளகு வெளையிற நாடு அது. எனக்கு அந்த நாட்டைப் பத்தி அம்புட்டுதான் தெரியும், எங்க அப்பா மொகத்தை வாட வைக்கிற ஊரு.

2023ல கொச்சியில இருந்து சைகோனுக்கு நேரா ஃப்ளைட் விட்டதும் மனசுல ஒரு அரிப்பு. மறு வருசம் செப்டம்பர்ல 25 டாலர் கட்டி ஈ-விசா எடுத்து, முதுகுல ஒரே ஒரு பை, குமுளியில பஸ் ஏறி கோட்டயம் போயி அங்கருந்து நெடும்பாசேரி, அதான் கொச்சி ஏர்போர்ட். ராத்திரி ஃப்ளைட். காலையில எறங்கும்போது அங்க கடிகாரம் நம்மளவிட ஒன்றரை மணி நேரம் முன்னால ஓடிக்கிட்டிருக்கு.

ஒண்ணு சொல்லணும். நாங்க எல்லையில பொறந்து வளந்தவங்க. குமுளியில ஒரு பேச்சு தமிழ்ல ஆரம்பிச்சு மலையாளத்துல முடியும், பேசுறவருக்கும் தெரியாது, கேக்குறவருக்கும் தெரியாது. பாஷை தெரியாம நின்னதா எனக்கு ஞாபகமே இல்ல. அதனாலயோ என்னவோ, வெளிநாடுன்னா ரோடு எப்பிடி, சாப்பாடு எப்பிடின்னுதான் யோசிச்சேனே தவிர பேச்சைப் பத்தி கவலையே படல.

ஏர்போர்ட் வாசல்ல நான் போக வேண்டிய தெருப் பேரைச் சொல்றேன், பாம் நு லாவ். டாக்ஸிக்காரருக்குப் புரியல. மெதுவா சொல்றேன், சத்தமா சொல்றேன், ம்ஹூம். கடைசியில ஃபோன்ல எழுதிக் காட்டுனேன். 7 கிலோமீட்டர்தான் இருக்கும், 5 லட்சம் டாங் வாங்கிட்டாரு, நம்ம காசுக்கு 1,600க்கு மேல. ரொம்ப அதிகம்னு அப்பறம்தான் தெரிஞ்சுச்சு, ஆனா அந்த நேரத்துல வாதாடவும் வாய் வேணும்ல.

அவர் எறக்கி விட்ட எடத்துல ஹாஸ்டல் இல்ல. சைகோன்ல வீட்டு நம்பர்ல கோடு போட்டு ரெண்டு எண் இருக்கும், 40/12 மாதிரி. 40ன்னு போட்ட எடத்துல ஒரு சந்து உள்ள போகும், அதுக்குள்ள 12வது வீடுன்னு அர்த்தம். சந்துக்கு ஹெம்னு பேரு. எனக்கு இது தெரியாது, கதவு நம்பர் 40ல நின்னுக்கிட்டு 12ஐத் தேடுறேன். அந்த சந்துக்குள்ள நடந்தா ரெண்டு கை விரிச்சா ரெண்டு பக்கச் சுவரும் தட்டும், ஒரு வீட்டு வாசல்ல அம்மா மீன் அலசுறாங்க, அடுத்த வாசல்ல முடி வெட்டுறாங்க, தலைக்கு மேல கரண்ட் வயரு தேன்கூடு மாதிரி அப்பிக்கெடக்கு, அதுக்கு நடுவுல ஹாரன் அடிச்சுக்கிட்டு பைக் வருது, நாம சுவரோட சுவரா ஒட்டிக்கணும்.

பைக்கு. அதைப் பத்தி எழுதாம முடியாது. லட்சக்கணக்குல ஓடுது, சிக்னல்ல நின்னு கெளம்பும்போது ரோடே எழுந்து வர்ற மாதிரி இருக்கும். எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் அங்க பேச்சுவழக்குல ஹோண்டாதான். நெரிசல் வந்தா நடபாதையில ஏறிருவாங்க. அங்க வண்டி வலது பக்கம் போறது, நம்ம கழுத்து பழக்கத்துல வலது பக்கம் திரும்பிப் பாக்கும், வண்டி இடது பக்கத்துல இருந்து வரும். பென் தான் மார்க்கெட் எதுத்தாப்புல 20 நிமிசத்துக்கு மேல கரையிலயே நின்னேன். எறங்குவேன், பின்வாங்குவேன். வயித்துக்குள்ள நெசமாவே பயம்.

ஒரு பாட்டி, எழுபது வயசு இருக்கும், ரெண்டு கையிலயும் கீரைப் பை. என்னைப் பாத்துட்டு ஒரு பையை இன்னொரு கைக்கு மாத்துனாங்க. மாத்திட்டு என் முழங்கைக்கு மேல புடிச்சாங்க. ஒண்ணும் பேசல. நடந்தாங்க. நான் ஒரு எடத்துல வேகமா எட்டு வைக்கப் பாத்தேன், அந்தப் பிடி இறுகுச்சு. நான் நிக்கப் பாத்தேன், அப்பவும் இறுகுச்சு. ஒரே நடை, அவங்க வீட்டு முற்றத்துல நடக்குற நடை. கம்பம் ரோட்டுல ஆட்டு மந்தை வரும்போது நடுவுல நடந்தா ஆடு தானா ரெண்டா பிரிஞ்சு போகும்ல, அப்பிடித்தான் பைக்கெல்லாம் எங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் பிரிஞ்சு போச்சு. அந்தக் கரை சேந்ததும் கையை விட்டுட்டு, பையை மறுபடி ரெண்டு கைக்கும் பிரிச்சு எடுத்துக்கிட்டு போயிட்டாங்க. நன்றின்னு சொல்ல எனக்கு அப்ப அந்த ஊரு வார்த்தை தெரியாது. தமிழ்லதான் சொன்னேன், "ரொம்ப நன்றி பாட்டி"ன்னு. திரும்பிப் பாத்து தலையாட்டுனாங்க.

மத்தியானம் கரும்புச் சாறு குடிச்சேன், அங்க அதுல சின்ன நார்த்தங்கா மாதிரி ஒரு பழத்தைப் புழிஞ்சு விடுறாங்க, அந்த வெயிலுக்கு உயிர் வந்துச்சு. அங்க 20,000 நோட்டும் நீலம், 5 லட்சம் நோட்டும் நீலம், ரெண்டுலயும் ஹோ சி மின் படம். நான் அவசரத்துல 5 லட்சத்தைக் கொடுத்துட்டு நடக்கிறேன், அந்தக்கா தள்ளுவண்டியை விட்டுட்டு ஓடி வந்து என் கையை விரிச்சு நோட்டை வச்சு மூடி, என் பர்ஸைக் காட்டி திட்டுறாங்க. என்ன சொன்னாங்கன்னு ஒரு எழுத்தும் புரியல, ஆனா பாத்துப் போடான்னு எங்கம்மா திட்டுற அதே சுருதி.

சாயங்காலம் மழை. நம்ம குமுளி மழை பாத்தவனுக்கு மழை புதுசில்ல, ஆனா அம்புட்டு பைக்கும் ஓரங்கட்டி, ஒரே நேரத்துல கலர் கலரா மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு கெளம்புனதைப் பாக்கணுமே, ஹெட்லைட்டுக்கு நேரா கண்ணாடி பிளாஸ்டிக் வச்சுத் தச்சிருக்காங்க, ரெண்டு தலை விடுற மாதிரி கூட ஒரு கோட்டு இருக்கு.

ராத்திரி ஹாஸ்டல்ல ரிசப்ஷன்ல இருந்த தங்கச்சிகிட்ட, கொஞ்சம் இங்கிலீஷ் பேசும், என் கஷ்டத்தைச் சொன்னேன். அது ஒரு தாள் எடுத்து 'மா'ன்னு ஆறு தடவ எழுதி, ஒவ்வொண்ணுக்கும் மேலயோ கீழயோ ஒரு குறி போட்டுச்சு. ஒரு மாதிரி சொன்னா பேய். ஒரு மாதிரி சொன்னா அம்மா. இன்னும் 'ஆனால்'ங்கிற சொல்லு, சமாதி, குதிரை, கடைசி ஒண்ணு நெல்லு நாத்து. ரெண்டு போகம் நாத்து பாவுற பள்ளத்தாக்குல பொறந்தவன் நான், அந்தக் கடைசி 'மா'வை மட்டும் பத்து தடவ சொல்லிப் பாத்தேன், தொண்டையில வெட்டுன மாதிரி சட்டுனு எறங்கி நிக்கணும்.

அப்பறம் அந்தத் தெருப் பேரு. 'நு' இல்லையாம், 'ஙூ'வாம். பாமும் இல்ல, ஃபாம். சொல்லோட மொத எழுத்தா ங வருது, வெள்ளக்காரங்களுக்கு இது வரவே வராதுன்னு சொல்லுச்சு. எனக்கு டக்குனு மலையாளம் ஞாபகம் வந்துச்சு. நாங்கங்கிறதுக்கு ஞங்ஙள்னு நாம தெனமும் சொல்றோம்ல, அதுல முன்னாடி இருக்குறதை வெட்டிட்டு ஙவை மட்டும் எடுத்தேன். ஃபாம் ஙூ லாவ். அந்தப் பிள்ள கண்ணு விரிஞ்சு கை தட்டுச்சு. அதே மாதிரி வீட்டுக்கு அங்க 'ஞா'ம்பாங்க, மலையாளத்துல நான்ங்கிறதுக்குச் சொல்ற ஞான்ல இருக்குற ஞாதான். தமிழ் ரெண்டு எழுத்தையும் வச்சிருக்கு, ஆனா அதை நாக்குல தெனமும் ஓட விட்டது குமுளிதான். அன்னைக்கு ராத்திரி படுக்கையில கெடந்து ஙூ ஙூன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், அவ்வளவு சந்தோசம்.

மறுநாள் மாரியம்மன் கோயில். ஆமா, சைகோன் நடுவுல, பென் தான் மார்க்கெட் பக்கத்துல. 19ஆம் நூற்றாண்டுல வியாபாரத்துக்குப் போன தமிழங்க கட்டுனது. அங்க அதுக்குப் பேரு சுவா பா அன், பான்னா பாட்டிக்கும் சொல்றது அம்மனுக்கும் சொல்றது, அன்னா இந்தியா. உள்ள போனா கும்பிடுறவங்க முக்காவாசிப் பேரு வியட்நாம்காரங்க. ஊதுபத்தியைக் கொத்தா புடிச்சுக்கிட்டு, சிலர் பின்னாடி கல்லுச் சுவர்ல நெத்தியையும் உள்ளங்கையையும் அழுத்தி வச்சு அம்மாகிட்ட குசுகுசுன்னு பேசுறாங்க. பத்து நிமிசம் அந்த சுவரை விட்டு நகராத ஒரு அக்காவைப் பாத்தேன். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும்போது எல்லைக்கு ரெண்டு பக்கத்து சனமும் ஒண்ணா நிப்போமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. நானும் சுவர்ல நெத்தி வச்சேன். தமிழ்லதான் பேசுனேன்.

வெளிய வந்து மார்க்கெட்டுக்குள்ள போனா, மொளகு. மூக்கு சொல்லிருச்சு, கண்ணு பின்னாடிதான் பாத்துச்சு. கருப்பு, வெள்ளை, செவப்பு எல்லாம் தனித்தனிக் குவியல். கடைக்கார அம்மா கால்குலேட்டரை நீட்டுறாங்க. நான் வெலையைப் பாக்கல, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில தேச்சு ஊதுனேன், அப்பா செய்யிற மாதிரியே. பொக்கு பறந்துச்சு. ஒரு மணியைப் பல்லுல நறுக்குனேன். அந்தம்மா என் மொகத்தையே பாத்துட்டு, கால்குலேட்டரைக் கீழ வச்சுட்டு, குனிஞ்சு பலகைக்கு அடியில இருந்து வேற பை எடுத்தாங்க. ஃபூ குவோக்னாங்க, அது அவங்க தீவு, மொளகுக்குப் பேரு போன தீவு. அந்த மணி கனம். அதையும் தேச்சு ஊதுனேன், ஒண்ணும் பறக்கல. ரெண்டு பேரும் சிரிச்சோம். என் ஃபோன்ல எங்க தோட்டத்துக் கொடி படத்தைக் காட்டுனேன், அவங்க அதை வாங்கி விரலால பெருசாக்கி, கொத்தை எண்ணுற மாதிரி பாத்தாங்க.

குலசேகரம் அக்கா:

தம்பி, வாசிச்சிட்டு கண்ணு நெறஞ்சு போச்சு. நானும் எங்க வீட்டுக்காரரும் 2025ல போனோம், எங்க காலத்துல மெட்ரோ வந்தாச்சு, 2024 டிசம்பர்ல தொறந்தது, பென் தான்ல இருந்து கெளம்பும். ஆனாலும் ரோடு கடக்கது அதே பாடுதான். நான் அவரு சட்டையைப் புடிச்சிட்டு கண்ணை மூடிட்டேன்.

எனக்கு மறக்க முடியாதது கூ சி சுரங்கம் பாக்கப் போன வழி. போருக்காக சனங்க கையால தோண்டுன சுரங்கம், 250 கிலோமீட்டர் நீளத்துக்குப் போவுதாம், கொஞ்ச தூரம் குனிஞ்சு போறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டிட்டு. ஆனா நான் சொல்ல வந்தது அதில்ல. பஸ் சன்னல்ல பாக்கேன், ரப்பர். வரிசை வரிசையா. அதே சாஞ்ச வெட்டு, அதே பால் வடியுற கோடு. எங்க அம்மா 30 வருசம் வெளுப்புக்கு முன்ன எந்திச்சு பால் வெட்டப் போனவ, தலையில லைட்டக் கட்டிட்டு. நாங்க செரட்டை கட்டுவோம், அங்க கிண்ணம். ஜன்னலைத் தொறந்தா ஒட்டுப்பால் நாத்தம். அந்த நாத்தத்தை வீட்டுல வச்சு எத்தனை தடவ வெறுத்திருக்கேன் தெரியுமா, அங்க அதை மூச்சு இழுத்து இழுத்து பிடிச்சேன். வீட்டுக்காரரு என்னத்துக்கு அழுதன்னு கேக்காரு.

சாப்பாடு பத்தி நீங்க எழுதவே இல்ல. கோம் தாம்னு ஒரு சோறு, நம்ம குருணை அரிசிதான். ஒருகாலத்துல இல்லாதவங்க சாப்பிட்டது, இப்ப ஊரே காலையில அதைத்தான் சாப்பிடுது. எங்க வீட்டுல குருணையைக் கோழிக்குப் போடுவோம்.

புளியரை:

அண்ணே, நான் செங்கோட்டை பக்கம், டிசம்பர்ல போகலாம்னு இருக்கேன், குறிச்சு வச்சுக்கிட்டேன். ஒரே ஒரு கேள்வி, அந்த மொளகு வாங்குனீங்களா, அப்பா என்ன சொன்னாரு?

கூடலூர்க்காரன்:

அக்கா, குருணை நானும் சாப்பிட்டேன், எழுத விட்டுப்போச்சு. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

தம்பி, டிசம்பர் நல்ல நேரம், மழை விட்டிருக்கும். நோட்டை மட்டும் எண்ணைப் பாத்து கொடுங்க, கலரைப் பாத்து கொடுக்காதீங்க. ஏர்போர்ட்ல வாசல்ல வந்து கூப்புடுறவங்க வண்டியில ஏறாம ஆப்ல புக் பண்ணுங்க.

மொளகு 100 கிராம் வாங்குனேன். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடிச்சதும் அப்பா கையில கொடுத்தேன், எந்த ஊரு சரக்குன்னு சொல்லல. தேச்சாரு, ஊதுனாரு. ஒரு மணியைக் கடிச்சாரு. ரொம்ப நேரம் மென்னுக்கிட்டே இருந்தாரு. "நல்லா காயப்போட்டிருக்கான்"னாரு. அப்பறம் எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னேன். ஒண்ணும் சொல்லல. அம்மாகிட்ட ஒரு சின்ன டப்பா கேட்டு வாங்கி அதுல போட்டு, நம்ம மொளகோட கலந்துராதன்னு சொல்லி சாமி அலமாரியில வச்சிட்டாரு. இன்னும் அங்கதான் இருக்கு.