கண்டன்சருக்கு 'ஏடுகட்டல்': ஒரு சொல்லுக்கான வாதம்

அன்புடையீர்,

வால்வு (வெற்றிடக் குழாய்) வானொலிப் பெட்டிகளை மீட்டெடுப்போருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், நெடுநாள் கிடந்த கண்டன்சரை மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவரும் 'ரீஃபார்மிங்' என்பதற்கு நேரே இன்னும் கோடுதான் போட்டிருக்கிறது. சென்ற வாரம் வந்த நான்கு பரிந்துரைகளையும் படித்தேன். அவற்றை ஏற்க இயலாத காரணத்தையும், மாற்றாக 'ஏடுகட்டல்' என்ற சொல்லை முன்வைக்கும் காரணத்தையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் செயலுக்குத் தவறான பெயர் வைத்தால் தவறான செய்முறையும் அதனோடு ஒட்டிக்கொண்டு பரவிவிடும் என்பதே என் அச்சம்.

முதலில், பெயரிடப்பட வேண்டிய செயல் எது என்பதைப் பார்ப்போம். பாடநூல்கள் மின்தேக்கி என்றும், இலங்கைத் தமிழர்கள் கொள்ளளவி என்றும், நம் பழுதுபார்ப்போர் கண்டன்சர் என்றும் அழைக்கும் பொருளில், மின்பகுளி நிரம்பிய வகை ஒன்று உண்டு. அதன் உள்ளே சுருட்டி வைத்திருக்கும் அலுமினியத் தாளின்மீது அலுமினிய ஆக்சைடு மிக மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கும். ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் என்று கணக்கிட்டால், 450 வோல்ட் தாங்கும் கண்டன்சரில்கூட அதன் தடிமன் ஒரு மைக்ரோமீட்டரை எட்டாது. நேர்மின்வாயையும் மின்பகுளியையும் பிரித்து நிறுத்தும் காப்பு அந்தப் படலம் ஒன்றுதான். பெட்டி பல ஆண்டுகள் மின்சாரம் காணாமல் பரணில் கிடக்கும்போது படலம் அங்கங்கே நலிந்துபோகிறது. அந்த நிலையில் முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால், நலிந்த இடங்களின் வழியே மின்னோட்டம் கசிந்து, கண்டன்சர் சூடேறி, சில வேளைகளில் வெடித்தும் விடும். போகிற போக்கில், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் 'திருத்தி' வால்வையும் மின்மாற்றியையும் கெடுத்துவிட்டுப் போவதும் உண்டு. மாறாக, ஒரு மின்தடையின் வழியாகச் சிறுகச் சிறுக மின்னழுத்தத்தை உயர்த்திச் சில மணி நேரம் காத்திருந்தால், அலுமினியத் தாள் மின்பகுளியிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தன் படலத்தைத் தானே மீண்டும் வளர்த்துக்கொள்கிறது. நாம் பெயர் தேடுவது இந்த மீள்வளர்ச்சிக்குத்தான்.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. காட்பாடியில் எங்கள் ஓட்டு வீட்டின் பரணில், ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய சிறு புத்தகத்தோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்திருந்த வானொலிப் பெட்டியை, முப்பது ஆண்டுகள் கழித்து இறக்கித் துடைத்து, அன்று மாலையே 230 வோல்ட் இணைப்பில் செருகினேன். பெட்டியிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. பாட்டு வரப்போகிறது என்று வீட்டார் அனைவரும் சுற்றி நின்றோம். பத்து நிமிடத்திற்குள் கண்டன்சர் வெடித்து, அதன் வாடை இரண்டு நாள் கூடத்தைவிட்டுப் போகவில்லை. பிழை முழுவதும் என்னுடையதுதான். அதை அப்போது எனக்கு விளக்கிய முதிய பழுதுபார்ப்பாளர், "தூங்கிக்கினு இருக்கிற கண்டன்சரை இப்படித் தட்டி எழுப்பக் கூடாது சார்" என்றார்.

இனி வந்திருக்கும் பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'மறு உருவாக்கம்' என்பது ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் நேர்ச்சொல் வைத்தது. எது மீண்டும் உருவாகிறது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. 'சீர்திருத்தம்' என்று யாரும் எழுதவில்லையே என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

ஆம்பூர் அன்பர் தோல் தொழிலிலிருந்து 'மறுபதனிடல்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். குடியாத்தம் அன்பர், நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வழக்கத்தை நினைந்து 'கஞ்சியேற்றல்' என்றார். இரண்டும் நம் வட ஆற்காட்டுத் தொழில்களிலிருந்தே எழுந்தவை என்பதால் அவற்றை மறுக்க மனம் வரவில்லை. ஆயினும் மறுக்கத்தான் வேண்டும். பதனிடும்போது தோல் முழுவதுமே வேறொரு பொருளாக மாறி, பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கஞ்சியோ வெளியிலிருந்து நூலின்மேல் பூசப்படுவது. நம் படலம் வெளியிலிருந்து பூசப்படுவதன்று. தாளின் உலோகமே ஆக்சைடாக மாறிப் படலமாகிறது. இந்த வேறுபாடு சிறியதன்று. பூச்சு என்று எண்ணுபவர், உள்ளே எதையேனும் ஊற்றினால் கண்டன்சர் பிழைத்துக்கொள்ளும் என்று முயன்று பார்க்கக்கூடும்.

நான்காவது பரிந்துரையான 'மெல்லூட்டல்' சொல்லளவில் மிக அழகியது. ஆனால் அது செய்முறையின் பெயரே தவிர, விளைவின் பெயரன்று. மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் மின்மாற்றியான வேரியாக்கின் வழியே மெல்ல மெல்ல மின்னழுத்தத்தைக் கூட்டினால் போதும் என்று அந்தச் சொல் நம்மை நம்பவைக்கும். திருத்தியாக வால்வு அமைந்த பெட்டியில் அது பொய்த்துப்போகும். குறைந்த மின்னழுத்தத்தில் வால்வின் இழை போதிய அளவு சூடேறாது, ஆகவே கண்டன்சருக்கு எதுவும் சென்று சேராது. பின்னர் இழை சூடேறும் கட்டத்தில் திடுமென உயர் மின்னழுத்தம் வந்து நிற்கும். சீரிஸ் விளக்கை, அதாவது மின்னிணைப்புக்கும் பெட்டிக்கும் இடையே தொடரில் ஒரு மின்விளக்கை, இணைத்துப் பெட்டியை எழுப்புவதையும் சிலர் இதே பெயரால் அழைப்பர். அந்த விளக்கு விபத்தின் கடுமையைக் குறைக்குமே ஒழிய, படலத்தை வளர்க்கும் என்று உறுதி சொல்ல இயலாது. கண்டன்சரை மின்சுற்றிலிருந்து பிரித்து, தனி மின்மூலத்தோடு 22 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் இணைத்து, அந்தத் தடையின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்துகொண்டே வருவது நேரிய வழி. அங்கே 22 வோல்ட் காட்டினால் கசிவு 1 மில்லி ஆம்பியர் என்று பொருள். அந்த அளவு இறங்க இறங்கப் படலம் வளர்கிறது என்று அறியலாம். அளக்காமல் வெறுமனே மெல்ல ஊட்டியவர் எதை ஊட்டினார் என்பது அவருக்கே தெரியாது.

எனவே விளைவைச் சொல்லும் பெயர் வேண்டும். காய்ச்சிய பாலைக் கலக்காமல் வைத்தால் மேலே ஏடு கட்டுகிறது. அந்த ஏடு பாலின்மேல் யாரும் ஊற்றியதன்று, பாலிலிருந்தே வந்தது, மெல்லியது, பொறுமையின்றிக் கரண்டியை விட்டால் கிழிவது. ஆக்சைடுப் படலத்தை 'ஏடு' என்றும், அது வளர்வதை 'ஏடுகட்டல்' என்றும் அழைக்கலாம் என்பது என் பரிந்துரை. தொழிற்சாலையில் தாளின்மீது முதன்முதலில் வளர்க்கப்படுவது முதலேடு. பரணிலிருந்து இறங்கிய பின் நம் மேசையில் வளர்வது மீளேடு. பாலேட்டுக்கு மின்னோட்டம் வேண்டியதில்லை என்று ஒருவர் குறும்பாகச் சுட்டலாம். உவமை அந்த இடத்தில் நொண்டுவது மெய்தான்.

இதைவிட வலுவான தடை ஒன்றைச் சத்துவாச்சாரி நண்பர் தொலைபேசியில் எழுப்பினார். ஏடு என்றால் பனையோலையும் ஆகுமே, 'ஏடு கட்டினேன்' என்று ஒருவர் எழுதினால் சுவடியைக் கயிற்றால் கட்டியதாகக் கொள்ளமாட்டார்களா என்பது அவர் கேள்வி. இதை எண்ணிப் பார்த்தபோதுதான், பிழை பெயர்ச்சொல்லில் இல்லை, வினையில் இருக்கிறது என்று தெளிந்தது. இங்கே நாம் ஏட்டைக் கட்டுவதில்லை. ஏடு தானே கட்டுகிறது, நாம் அதற்கு இடமும் நேரமும் தருகிறோம். ஆகவே செய்முறைக் குறிப்புகளில் 'ஏடு கட்டவிடுக' என்று எழுதினால் சுவடிக் குழப்பம் நீங்கும். பட்டறையில் ஓர் இளைஞர் மற்றவரிடம் "இந்தப் பெட்டிக்கு ஏடு கட்டவிட்டாயிற்றா?" என்று கேட்பதாகச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு எங்கும் தடுக்கவில்லை.

சொல்லின் எல்லையையும் பட்டியலில் குறித்துவிட வேண்டும். மெழுகு ஊறிய காகிதக் கண்டன்சர்களுக்கு ஏடுகட்டல் பொருந்தாது. அவற்றில் வளரத்தக்க படலமே இல்லை, மாற்றத்தான் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஓட்டுக்குக் கீழே கிடந்து மின்பகுளி வற்றிப்போன கண்டன்சருக்கும் இது உதவாது. பால் இல்லாத பாத்திரத்தில் ஏடு எங்கிருந்து வரும்?

அவ்வாறு வற்றிப்போன கண்டன்சரின் பழைய அலுமினியக் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே சிறிய புதுக் கண்டன்சரைப் பொருத்தி, பார்வைக்குப் பெட்டி மாறாதபடி செய்வதற்கும் நம்மிடம் சொல் இல்லை. பழைய உடலில் புதிய உயிர் புகுவதால், 'கூடுபாய்ச்சல்' என்று வைக்கலாமா என்று தோன்றுகிறது. சித்தர் கதைகளை நினைந்து சிரிப்பவர் சிரிக்கட்டும்; இதைவிடப் பொருத்தமானது கிடைத்தால் விட்டுக்கொடுக்கிறேன். 'ஏடுகட்டல்' என்பதை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மறுப்புடையோர் தங்கள் சொல்லை ஒரு செய்முறை வாக்கியத்தில் அமைத்து எழுதினால், இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து