ஏற்காடு ஆரஞ்சில் பச்சைப் பூசணம்: ஈஸ்ட் கரைசலில் முக்கினால் நிற்குமா?

நாகலூர்க்காரன்:
வணக்கம். நாகலூர் பக்கம் காபிக்கு நடுவே அறுபது எழுபது கமலா ஆரஞ்சு மரம் இருக்கிறது. பறித்த பழத்தைத் தொட்டியில் போட்டுப் பளபளவென்று கழுவி, துடைத்து, கிரேட்டில் அடுக்கிச் சேலத்துக்கு இறக்குகிறேன். நான்காம் நாள் மண்டியிலிருந்து போன் வந்துவிடும். முதலில் தோலில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தண்ணீர் கோத்த மாதிரி மெத்தென்று ஆகிறது, அப்புறம் வெள்ளை, அதன் நடுவே பாசிப்பச்சைத் தூள். கிரேட்டைத் தட்டினால் புகை போலக் கிளம்புகிறது. மருந்தில் முக்க மனசில்லை, தோலோடு ஊறுகாய் போடுகிறவர்களும் வாங்குகிறார்கள். பூஞ்சையை ஈஸ்ட் அடக்கும் என்று எங்கோ படித்துவிட்டு மச்சான் பேக்கரி ஈஸ்ட் அரைக்கிலோ வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறார், வெல்லம் போட்டுக் கரைத்து முக்கலாமாம். யாராவது செய்து பார்த்தீர்களா?

பழமண்டி_சேலம்:
தம்பி, முதலில் அந்த வெல்லத்தை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். இனிப்புத் தண்ணீரில் முக்கிய பழம் மண்டிக்கு வந்தால் ஈ மொய்த்தே பாதி விலை போய்விடும், பூசணத்துக்கும் அது விருந்துதான்.

நான் பார்த்தவரை அழுகல் பெரும்பாலும் காம்படியில்தான் ஆரம்பிக்கிறது. ஆட்கள் அவசரத்தில் திருகிப் பிய்க்கிறார்கள், தோல் கண்ணுக்குத் தெரியாத அளவு கிழிகிறது, அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவிலும் கிரேட்டுக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வருகிறது. கத்தரியால் காம்பை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள், நகத்தையும் வெட்டச் சொல்லுங்கள். பனி காய்வதற்கு முன்னால் பறிக்கவே வேண்டாம், ஈரத்தில் தோல் விறைத்து நிற்கும், லேசாக அழுத்தினாலே எண்ணெய்ப் பை உடைந்து கறை விழும்.

பூஞ்சைப்பைத்தியம்:
அண்ணன் சொன்ன கிழிசல்தான் விஷயம். உங்களுக்கு வருவது பெனிசிலியம் டிஜிடாட்டம் என்ற பூஞ்சை, காயமில்லாத தோலில் அதன் வித்து, அதாவது அந்தப் பச்சைத் தூள், விழுந்தால் சும்மா கிடக்கும். காயத்தில் கசியும் சாறு கிடைத்தால்தான் முளைக்கும். ஈஸ்ட் செய்வது அந்தச் சாற்றுக்குப் போட்டி. பந்திக்கு முந்துவது என்பார்களே, அதுதான். பூஞ்சை வித்து விழித்து முளை விடுவதற்குள் ஈஸ்ட் பெருகிக் காயத்தை நிரப்பி, சர்க்கரையைக் காலி செய்துவிடும். மெட்ச்னிகோவியா என்ற ஈஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போய், சிவப்பு நிறமி ஒன்றைச் சுரந்து இரும்புச் சத்தையே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் பூஞ்சை உள்ளே புகுந்து ஒன்றிரண்டு நாள் ஆகிவிட்டால் எந்த ஈஸ்ட்டாலும் பலனில்லை.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருகிறேன். 1990 வாக்கில் வில்சன், சலுட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலுமிச்சை ஆரஞ்சு வகைப் பழத்தோலைக் கழுவிய தண்ணீரை நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் ஊற்றிப் பார்த்தார்கள். அப்படியே ஊற்றியதில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மட்டும் வளர்ந்தன. தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து ஊற்றியதில்தான் பூஞ்சை தலைகாட்டியது! கழுவிக் காயவைத்த பழம் கழுவாத பழத்தைவிடச் சீக்கிரம் அழுகியதும் அவர்கள் கண்ணில் பட்டது. அதாவது காவல்காரனைத் தோலிலேயே வைத்திருக்கிறீர்கள், நீங்களே கழுவி வாய்க்காலில் விடுகிறீர்கள். அதே தொட்டித் தண்ணீரில் ஒரு பூசணப் பழம் விழுந்தால் மற்றதெல்லாம் வித்தில் குளிக்கிறது.

பேக்கரி ஈஸ்ட் மாவு பொங்குவதற்காகத் தேர்ந்தெடுத்தது, பழத்தோல் அதற்குச் சொந்த ஊர் இல்லை. 1995-ல் அமெரிக்காவில் பதிவான ஆஸ்பயர் என்ற, பழ அழுகலைத் தடுக்கும் ஈஸ்ட் தயாரிப்பில் இருந்தது கேண்டிடா ஒலியோஃபிலா, பழத்தோலில் வாழ்ந்து பழகிய வேறு இனம். அதுவுமே தனியாகக் கொடுத்தபோது பூஞ்சைக்கொல்லி அளவுக்கு நிற்கவில்லை, தையாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கொஞ்சம் சேர்த்தால்தான் ஈடு கொடுத்தது. பின்னால் சந்தையிலிருந்தே போய்விட்டது. அதனால் மச்சானின் அரைக்கிலோவை பன்னுக்குப் பயன்படுத்துங்கள்.

சேர்வராயன்_காபி:
இடையில் ஒரு வார்த்தை. காபிப் பழத்தோலிலும் இந்த ஈஸ்ட், பூஞ்சைக் கூட்டம் உண்டு. களத்தில் ஈரத்தோடு குவித்து வைத்தால் வரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒக்ரேசியஸ் என்ற பூஞ்சை, அது விடும் ஒக்ராடாக்சின் நஞ்சு, இரண்டையும் பிச்சியா அனோமலா ஈஸ்ட் அடக்குவதாக ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். நான் அதற்கெல்லாம் போகவில்லை, மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிடுகிறேன்.

நாகலூர்க்காரன்:
கழுவுவதுதான் தப்பு என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் இலை வழியே விழுந்த தூசியும் காக்கை எச்சமும் இருந்தால் என்ன செய்வது? எல்லாவற்றையும் கழுவாமல் அனுப்ப முடியாதே.

பூஞ்சைப்பைத்தியம்:
அழுக்கானதை மட்டும் தனியாக எடுத்து, லிட்டருக்கு 30 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவுங்கள், அது வித்து முளைப்பதைத் தடுக்கும். அப்புறம் நல்ல தண்ணீரில் லேசாக அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து அடுக்குங்கள். மற்றதை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். காலி கிரேட்டையும் வெயிலில் போடுங்கள், போன தடவைத் தூள் அதில்தான் ஒட்டியிருக்கும்.

பழமண்டி_சேலம்:
அடுத்த லோடில் பாதி கிரேட்டைக் கழுவாமல் அனுப்புங்கள், தம்பி. மேலே சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள், கலந்துவிடாமல் தனியாக ஒதுக்கி வைத்து ஒரு வாரம் பார்த்துச் சொல்கிறேன்.