துவட்டலில் காணாமல் போன பருப்பு

காரைக்குடியிலிருந்து:

பால், நெய், முட்டை எல்லாம் விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. காய் நிறையச் சாப்பிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். தினமும் இருப்புச்சட்டியில் கோஸ், பீன்ஸ், குடைமிளகாய் போட்டு வதக்கி, மிளகும் சோம்பும் தூவி ஒரு தட்டு நிறையச் சாப்பிடுவேன். ஆறாவது மாதமே மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியது. ஊட்டச்சத்து ஆலோசகர் ஒருநாள் சாப்பாட்டை எழுதி வரச் சொன்னார். பார்த்ததும், "காய் இருக்கு, புரதம் எங்கேம்மா?" என்றார். (பி12 குறைவும் இருந்தது, அதற்கு மாத்திரை தனி.)

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன புரத அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். என் எடை 60 கிலோ. ஆக, நாளுக்கு 50 கிராம் வேண்டும். 100 கிராம் கோஸில் ஒன்றரை கிராம்கூடத் தேறாது.

அன்று இரவு அப்பத்தா செய்யும் துவட்டல் ஞாபகம் வந்தது. கொத்தவரங்காயோ வாழைப்பூவோ, பாசிப்பருப்பை மலர வேகவைத்து, குழையாமல் பதமாக எடுத்துக் காயோடு பிரட்டுவார்கள். காய்க்குச் சமமாகப் பருப்பு தெரியும். நான் தனியாகச் சமைக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பருப்பு ஒரு கைப்பிடியானது, அப்புறம் தாளிப்பில் போடும் ஒரு ஸ்பூன் உளுந்தாகச் சுருங்கிவிட்டது. வேண்டுமென்று குறைக்கவில்லை, காலை நேர அவசரம்தான்.

இப்போது ஆளுக்கு 40 கிராம் நிறுத்து ஊறவைக்கிறேன். ஒருநாள் பாசிப்பருப்பு, ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் மொச்சை. அதிலேயே 8 முதல் 10 கிராம் புரதம் வந்துவிடும். வறுத்த வேர்க்கடலை 20 கிராம் பொடித்துத் தூவினால் இன்னும் 5 கிராம். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது; பருப்பில் குறைவாக இருக்கும் அமினோ அமிலம் சோற்றில் கிடைக்கும், சோற்றில் குறைவது பருப்பில் கிடைக்கும். மொச்சையை மட்டும் இரவே ஊறவைத்து, நன்றாக வேகவைத்த பிறகுதான் சட்டியில் போடுங்கள். அரைவேக்காட்டில் வதக்கினால் வயிறு தாங்காது.

தேவகோட்டையிலிருந்து:

அக்கா, எனக்குக் கைகொடுத்தது சோயா உருண்டை. 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், ஆனால் அது காய்ந்த எடைக்கு. நான் வெந்த பிறகு நிறுத்து, மூன்று மாதம் தப்புக் கணக்குப் போட்டேன். வாடை போக உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, இரண்டு முறை அலசி, துணியில் போட்டு இறுகப் பிழியுங்கள். அப்புறம் சின்ன வெங்காயம், பூண்டு, சோம்பு, கல்பாசி, மிளகு சேர்த்து நல்லெண்ணெயில் சுருளப் பிரட்டுங்கள். சோயா என்றாலே முகம் சுளிக்கும் எங்கள் அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

பள்ளத்தூரிலிருந்து:

எங்கள் ஐயாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வீட்டில் எல்லோருக்கும் நல்லது என்று பருப்பைக் கூட்டிவிட்டேன். மருத்துவரோ அவருக்குப் புரதத்தை அளவாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அப்படி யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இப்போது காயை வதக்கியதும் ஐயாவுக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மொச்சையைச் சட்டியில் கொட்டுகிறேன்.