சாந்திநிகேதன் ப்ளான் ஓகேவா? அம்மாவ கூட்டிட்டு போறேன், கொஞ்சம் பாத்து சொல்லுங்க

தஞ்சாவூர் தலையாட்டி:
வணக்கம் மக்களே. பொங்கல் லீவோட இன்னும் கொஞ்ச நாள் சேத்து போட்டுக்கிட்டு அம்மாவ கல்கத்தா பக்கம் கூட்டிட்டு போறேன். அம்மா ரிட்டயர்டு டிராயிங் டீச்சர், எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அங்க இருந்த ஓவியர் நந்தலால் போஸ், சிற்பி ராம்கிங்கர்னு பேர் சொல்லிட்டே இருப்பாங்க, அதனால இந்த ட்ரிப்புக்கே காரணம் தாகூரோட விஸ்வபாரதி யுனிவர்சிட்டி இருக்கிற சாந்திநிகேதன்தான், கல்கத்தா சும்மா கொசுறு.

ப்ளான் இதான்: கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல ஏறி திங்கள் கல்கத்தா பக்கத்து ஷாலிமார் ஸ்டேஷன். ராத்திரி ஹவுரா பக்கம் தங்கிட்டு செவ்வாய் காலைல 10 மணி போல சாந்திநிகேதன் எக்ஸ்பிரஸ், 12.30 வாக்குல போல்பூர், சாந்திநிகேதனுக்கு அதான் ஸ்டேஷன். புதன் முழுக்க ஊர் சுத்தி பாத்துட்டு வியாழன் மதியம் அதே ரயில்ல திரும்பி, ஞாயிறு வரைக்கும் கல்கத்தா. திங்கள் ஊருக்கு ரயில்.

அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. முட்டை கூட தொடாத சைவம். ஒரு முழு நாள் போதுமா? யுனிவர்சிட்டி உள்ள விடுவாங்களா?

பழைய பாஸஞ்சர்:
தம்பி, புதன்கிழமையா??? மொதல்ல அத மாத்துங்க. விஸ்வபாரதிக்கு வார லீவே புதன்தான், ஞாயிறு இல்ல. தாகூரோட அப்பா தேவேந்திரநாத் பிரம்ம சமாஜம்ன்ற சீர்திருத்த சமய இயக்கத்து ஆளு, அவங்களுக்கு புதன் உபாசனை நாள், அங்க இருக்கிற கண்ணாடி பிரார்த்தனை மந்திர்ல இன்னிக்கும் புதன் காலைல பிரார்த்தனை நடக்குது. தாகூர் மியூசியமும் அன்னைக்கு பூட்டு. நான் இதே தப்ப பண்ணி, அவ்ளோ தூரம் போயி கேட் கம்பிய புடிச்சிட்டு நின்னவன். வாட்ச்மேன் "புத்பார், பந்தோ"ன்னு (புதன், லீவு) ரெண்டே வார்த்தை சொல்லிட்டு டீ குடிக்க போயிட்டார். கூகுள்ல ரேட்டிங் எல்லாம் பாத்தேன், கிழமைய பாக்கல.

தஞ்சாவூர் தலையாட்டி:
அய்யய்யோ. செவ்வாய் மதியமே போயிடுறோமே, அதுல மியூசியத்த முடிச்சிட முடியாதா?

கரிக்கோடு:
மியூசியம் மட்டும்னா, அப்ப திறந்திருந்தா ஓடி ஓடி முடிக்கலாம், ஆனா டிராயிங் டீச்சர கூட்டிட்டு போய் ஓட விடுவீங்களா? நான் ஃபைன் ஆர்ட்ஸ் படிச்சவ, அதனால சொல்றேன். உங்கம்மா பாக்க வேண்டியது மியூசியத்த விட கலாபவன்தான், யுனிவர்சிட்டியோட ஓவியக் கல்லூரி. ராம்கிங்கரோட 'சந்தால் குடும்பம்' சிலை (சந்தால்னா அந்தப் பக்கத்து பழங்குடி) 1938ல செஞ்சது, வெண்கலமும் இல்ல பளிங்கும் இல்ல, அந்த ஊரு செம்மண் சரளைய சிமெண்ட்ல கொழச்சு அப்பினது. கிட்ட போய் பாத்தா கூலிக்காரரோட கால்ல கல்லு கல்லா தெரியும், தூரத்துல நின்னா குடும்பமே சட்டி பானையோட நடந்து போற மாதிரி இருக்கும். பக்கத்துலயே 1956ல செஞ்ச 'மில் கால்' (Mill Call) சிலை, மில் சங்கு ஊதினதும் ஓடுற பொண்ணுங்க.

கே.ஜி. சுப்ரமணியன் போட்ட கருப்பு வெள்ளை சுவரோவியமும் அங்கதான். அவர் கேரளால பொறந்த தமிழ்க் குடும்பத்து ஆளு, மெட்ராஸ் பிரசிடென்சில படிச்சிட்டு 1944ல இங்க வந்தவர். அப்புறம் அதே யுனிவர்சிட்டி ஹிந்தி பவன் கட்டடத்துல ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1946, 47ல போட்ட சுவரோவியம், இடைக்கால பக்தர்கள் எல்லாரும் வரிசையா வருவாங்க, நம்ம ராமானுஜர் உட்பட. பினோத் பிஹாரிக்கு சின்ன வயசுல இருந்தே பார்வை குறைவு, அந்த கண்ண வச்சிட்டு ஈர சுண்ணாம்புல அவ்ளோ பெரிய சுவர முடிச்சிருக்கார், பின்னாடி பார்வையே போயிடுச்சு.

ஆனா ஒண்ணு, இது பார்க் இல்ல, பசங்க படிக்கிற காலேஜ். எல்லா இடத்துக்கும் விட மாட்டாங்க, அதுவும் 2023ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்த பிறகு கூட்டம் கூடிப்போச்சு. கேட்ல டீச்சர்னு சொல்லி பணிவா கேளுங்க. மரத்தடில சின்ன பசங்க க்ளாஸ் நடக்கும், அத போட்டோ எடுக்காதீங்க ப்ளீஸ். கிளம்புறதுக்கு முந்தி விஸ்வபாரதி வெப்சைட்ட ஒரு தடவ பாத்துடுங்க, டைமிங் மாறிட்டே இருக்கும்.

போஸ்தோ பிரியன்:
சாப்பாடு பத்தி நான் சொல்றேன், அங்க பக்கத்து டவுன்ல மூணு வருஷம் வேலை பாத்தவன். "வெஜ்"னு மட்டும் கேக்காதீங்க. நான் போன புதுசுல ஒரு கடைல வெஜ்னு சொல்லி முட்டைகோஸ் கறி வாங்கினேன், கரண்டிய விட்டா உள்ள மீன் தலை!! கேட்டா கோஸ்தானே கேட்டீங்கன்றாரு. "நிராமிஷ்"னு சொல்லுங்க, அந்த வார்த்தைக்கு அங்க மரியாதை உண்டு, பல இடத்துல வெங்காயம் பூண்டு கூட போட மாட்டாங்க. சாந்திநிகேதன் இருக்கிற பீர்பூம் ஜில்லால ஆலு போஸ்தோ கண்டிப்பா சாப்பிடணும், கசகசாவ அரைச்சு உருளைக்கிழங்குல பெரட்டினது, சாப்பிட்டா மத்தியானம் தூக்கம் சொக்கும். ஜனவரின்னா பேரீச்ச மரத்து புது வெல்லம் வேற, நோலேன் குர்னு பேரு, அதுல செஞ்ச சந்தேஷ் வாங்கி குடுங்க அம்மாவுக்கு.

முட்டி வலிக்கு டோட்டோ இருக்கு, பேட்டரி ரிக்ஷா. அரை நாளுக்கு மொத்தமா பேசி ஏறுங்க, அரைகுறை ஹிந்தி போதும். உத்தராயண்ல மட்டும் கொஞ்சம் நடக்கணும், தாகூர் மாத்தி மாத்தி இருந்த அஞ்சு வீடு ஒரே காம்பவுண்டுல. அதுல ஷ்யாமளி முழுக்க மண் வீடு.

பழைய பாஸஞ்சர்:
சுலபமா ஒண்ணு பண்ணுங்க தம்பி. திருப்பி போடுங்க. கல்கத்தாவ மொதல்ல முடிச்சிட்டு வெள்ளி காலைல ஏறுங்க, ஞாயிறு மதியம் திரும்புங்க. சனிக்கிழமை பக்கத்துல சோனாஜுரி காட்டுல சந்தை இருக்கு, இப்ப மத்த நாள்லயும் போடுறாங்கன்னாலும் சனிக்குதான் களை. பாவுல்னு சொல்ற நாடோடி பாட்டுக்காரங்க ஏக்தாராவோட (ஒத்தை தந்தி வாத்தியம்) மரத்தடில உக்காந்திருப்பாங்க. ரூம மட்டும் இன்னிக்கே போடுங்க, ஏன்னா நமக்கு பொங்கல்னா அவங்களுக்கு சங்கராந்தி, அந்த சமயத்துல அஜய் நதிக்கரைல ஜெயதேவ் கெந்துளி மேளா நடக்கும், பாவுல் கூட்டம் மொத்தமும் அங்கதான், சுத்துவட்டாரத்துல ரூம் கிடைக்காது.

தஞ்சாவூர் தலையாட்டி:
அப்டேட். ரயில் டிக்கெட்ட கேன்சல் பண்ணி வெள்ளிக்கு போட்டுட்டேன், வெயிட்டிங் 4, நகரும்னு நினைக்கிறேன். ஹோட்டல்காரர் காச திருப்ப மாட்டேன்னுட்டார், ஆனா தேதி மாத்தி தர ஒத்துக்கிட்டார், வீக்கெண்ட் ரேட்னு தனியா வாங்குறார், போகட்டும். ராமானுஜர் விஷயத்த அம்மாகிட்ட சொன்னேன், பழைய டிராயிங் நோட்டு ஒண்ண பரண்ல இருந்து இறக்க சொல்றாங்க. சந்தைல காந்தா (கைத்தையல் வேலைப்பாடு) புடவை வாங்கணுமாம், ஏமாறாம எப்படி வாங்குறது?

கரிக்கோடு:
புடவைய திருப்பி பின்பக்கம் பாருங்க. கைத்தையல்னா ஓட்டுத்தையல் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி விட்டு விட்டு ஓடும், புள்ளி கொஞ்சம் கோணலா இருக்கும், அங்கங்க முடிச்சு தெரியும். எல்லாம் அளவெடுத்த மாதிரி ஒரே சீரா இருந்தா மெஷின். விலைய உங்கம்மாவ பேச விடுங்க, நீங்க பேசாதீங்க.